ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் இலை நிறம் பார்க்கப் போகிறீர்களா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆனதும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் பக்கம் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு அக்டோபரிலும் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு மலைக்குப் போய்வருகிறோம், அதனால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புவதை விட்டு, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் இருக்கின்றன.

பார்க்வேன்னா அது பார்க்கா, ரோடா? டிக்கெட் எவ்வளவு?

ரோடுதான், ஆனால் அந்த ரோட்டையே தேசியப் பூங்காத் துறை பூங்காவாகப் பராமரிக்கிறது. வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவின் தென்கோடியில் தொடங்கி, வட கரோலினாவில் செரோகி ஊருக்குப் பக்கத்தில் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் போய் முடிகிறது. மொத்தம் 469 மைல். 1935-ல் வேலையை ஆரம்பித்து 1987-ல்தான் கடைசித் துண்டை இணைத்தார்கள். பெரும்பாலும் மலை முதுகின் மேலேயே போகும். சரக்கு லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, டிக்கெட்டும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இடங்களைச் சொல்வது மைல்கல் கணக்கில்தான். வடக்கே வர்ஜீனியா முனையில் 0, தெற்கே செரோகியில் 469. கீழே நான் "மைல்கல் 304" என்று எழுதினால் சாலையோரம் நட்டிருக்கும் கல்லில் அந்த எண்ணைப் பாருங்கள்.

அக்கா, எந்த வாரத்துக்கு லீவு போடட்டும்? ஒரே ஒரு தேதி சொல்லுங்க போதும்.

ஒரே தேதி சொல்ல முடியாது. இந்த மலையில் நிறம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் வருவதில்லை, உச்சியில் ஆரம்பித்து வாரா வாரம் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. 1,000 அடி ஏறினால் வெப்பம் சுமார் மூன்றரை டிகிரி பாரன்ஹீட் குறையும். பார்க்வேயோ வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் 649 அடிக்கு இறங்கி, வட கரோலினாவில் 6,053 அடி வரைக்கும் ஏறுகிற சாலை. மேலே அக்டோபர் தொடக்கத்தில் வந்த குளிர் அடிவாரத்துக்கு வந்து சேர மாதக் கடைசி ஆகிவிடும்.

வட கரோலினா பக்கத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: 5,000 அடிக்கு மேலே அக்டோபர் முதல் வாரம், 4,000 அடியை ஒட்டி இரண்டாவது வாரம், 3,000 அடி வட்டாரத்துக்கு மூன்றாவது வாரம், 2,100 அடியில் இருக்கும் ஆஷ்வில் ஊருக்கு மாதக் கடைசி, நம் சார்லட், ராலே தெருக்களுக்கு நவம்பர் முதல் பாதி. சில வருஷம் ஒரு வாரம் முன்னே பின்னே போகும். அதனால் முதலில் உங்களுக்கு லீவு கிடைக்கிற வாரத்தை முடிவு பண்ணுங்கள், அப்புறம் அந்த வாரத்துக்குப் பொருத்தமான உயரத்தைத் தேடிப் போங்கள். தேதிக்குப் பதிலாக உயரத்தைப் பிடித்துக்கொண்டால் அக்டோபரில் எந்த வாரம் போனாலும் ஏமாற்றம் இருக்காது.

நம்ம ஊர்லயும் இலை உதிரும், ஆனா இப்படிச் சிவக்காதே, ஏன்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பகல் சுருங்க ஆரம்பித்ததும் மரம் இலையில் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. பச்சை மங்க மங்க, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி, அதாவது கரோட்டினாய்டு, வெளியே தெரிகிறது. மஞ்சள் கோடை முழுக்க அங்கேயேதான் இருந்தது. சிவப்பின் கதை வேறு. இலைக்காம்புக்கும் கிளைக்கும் நடுவே தடுப்பு மாதிரி ஒரு அடுக்கு வளர்ந்து, இலையில் ஊறிய சர்க்கரை வெளியே போக முடியாமல் தேங்கும்போது, அதிலிருந்து அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியை இலை புதிதாகச் செய்துகொள்கிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் உறையாத அளவுக்குக் குளிர், இந்த இரண்டும் சேர்ந்து வந்த வருஷத்தில் சிவப்பு அள்ளிக்கொண்டு போகும்.

நம் ஊரில் நிறைய மரங்கள் உதிர்ப்பது குளிருக்காக இல்லை, மாசி பங்குனியில் தண்ணீர் இல்லாத வறட்சிக்காக. ஆனால் சிவக்கவே சிவக்காது என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூட மைதானத்து வாதா மரத்தை நினைத்துப் பாருங்கள், அந்த அகல இலை விழுவதற்கு முன்னால் நரம்பு மட்டும் மஞ்சளாக நிற்க மீதியெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகுமே, அதுவும் இதே அந்தோசயனின்தான். மாந்தளிரின் செம்பும் அந்த வகைதான். என் அம்மா இங்கே முதன்முதலாக ஒரு ரெட் மேப்பிள் இலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "வாதா இலை மாதிரியே இருக்குடி" என்றார். வடிவத்தில் சம்பந்தமே இல்லை, நிறத்தைத்தான் சொன்னார்.

நெட்ல கலர் கலரா மேப் போடுறாங்களே, அதை நம்பலாமா?

பொதுவான போக்கைத் தெரிந்துகொள்ளப் பார்க்கலாம், அதை மட்டும் வைத்து ஹோட்டல் புக் பண்ணாதீர்கள். அந்த வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரே நிறத்தில் பூசிவிடும். ஆஷ்வில் இருக்கும் மாவட்டத்திலேயே 2,000 அடியும் உண்டு, 5,000 அடிக்கு மேலேயும் உண்டு, இரண்டுக்கும் நடுவே நிறத்தில் மூன்று வாரம் வித்தியாசம். போகிற வாரத்தில் அந்த இடத்தில் யாராவது எடுத்த படத்தைத் தேதியோடு தேடிப் பாருங்கள், அதுதான் நம்பகம்.

ஒரே நாள்தான் இருக்கு, காலைல சார்லட்ல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். எந்தப் பக்கம் போகலாம்?

ப்ளோயிங் ராக் ஊரிலிருந்து லின்வில் அருவி வரைக்கும், அதாவது மைல்கல் 294-லிருந்து 316 வரை. சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ப்ளோயிங் ராக் போய்விடலாம். 22 மைல்தானே, அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், இந்தத் துண்டுக்கு ஒரு முழுப் பகல் தேவை. இந்த உயரத்துக்கு அக்டோபர் இரண்டாவது, மூன்றாவது வாரம் சரியாக இருக்கும்.

மைல்கல் 297-ல் பிரைஸ் ஏரி. காற்று எழும்புவதற்கு முன்னால் போனால் கரை மரங்கள் தண்ணீரில் அப்படியே தலைகீழாகக் கிடக்கும். 302.8-ல் ரஃப் ரிட்ஜ், கொஞ்சம் மூச்சு வாங்கும் ஏற்றம்தான், ஆனால் கால் மணி நேரத்தில் பலகை நடைபாதைக்கு வந்துவிடலாம். அங்கே மரத்தைவிடப் பாறை இடுக்கில் படர்ந்திருக்கும் காட்டு ப்ளூபெர்ரிச் செடிகளைப் பாருங்கள், முழங்கால் உயரத்துக்கு மலைச்சரிவே குங்குமம் கொட்டிய மாதிரி இருக்கும். வண்டி நிறுத்தச் சின்ன இடம், ஒன்பது மணிக்கு மேல் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது மைல்கல் 304, லின் கோவ் வயடக்ட். முதல் பதிலில் 1987-ல் கடைசித் துண்டு என்று சொன்னேனே, அதன் முக்கியமான பகுதி இதுதான். கிராண்ட்ஃபாதர் மலையின் பாறைச் சரிவை வெட்டாமல், சரிவை ஒட்டி அந்தரத்தில் வளைந்து போகும் 1,243 அடிப் பாலம். 153 கான்கிரீட் துண்டுகளை வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவந்து, கட்டி முடித்த பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு அடுத்த துண்டை மாட்டி மாட்டி முன்னேறியிருக்கிறார்கள், கீழே காட்டைக் கலைக்கக் கூடாது என்பதற்காக. கான்கிரீட் பாறை நிறத்தில் தெரிய வேண்டும் என்று இரும்பு ஆக்சைடைக்கூடக் கலந்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கிப் பார்க்கத் தெற்கு முனைப் பக்கம் நிறுத்துமிடம் இருக்கிறது.

ரெண்டு நாள் இருக்கு, ஆஷ்வில்ல தங்குறோம். அப்போ?

அப்படியானால் ஆஷ்வில்லிலிருந்து தெற்கே செரோகி நோக்கிப் போங்கள். இதுதான் பார்க்வேயின் உயரமான பகுதி, அக்டோபர் முதல் பத்து நாளுக்கு ஏற்றது. சீக்கிரம் நிறம் மாறுவது மைல்கல் 418.8-ல் கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ். 5,000 அடிக்கு மேலே, 1925-ல் எரிந்துபோன காடு முழுசாகத் திரும்ப வளராததால் திறந்த வெளியாக, புதர் புதராக இருக்கும். நிறம் வருவதும் முதலில், உதிர்வதும் முதலில். அக்டோபர் நடுவில் போய் மொட்டையாக இருக்கிறதே என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் போயிருப்பார்கள்.

அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மைல் முன்னால் லுக்கிங் கிளாஸ் ராக் தெரியும் ஓவர்லுக், அதாவது வண்டியை நிறுத்தி மலையைப் பார்க்கும் சாலையோர இடம், இருக்கிறது, காட்டுக்கு நடுவே வெள்ளை யானை உட்கார்ந்த மாதிரி ஒரு பாறை. 431-ல் ரிச்லேண்ட் பால்சம், சாலையின் உச்சி, 6,053 அடி என்று பலகையே வைத்திருக்கிறார்கள். 451-ல் வாட்டர்ராக் நாப், சாயங்காலத்தை இதற்கு ஒதுக்கிவையுங்கள். மடிப்பு மடிப்பாக மலை, ஒவ்வொரு மடிப்பும் பின்னால் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே போகும், ப்ளூ ரிட்ஜ் என்ற பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்கவே வேண்டாம். குழந்தைகளைக் கம்பளியில் சுற்றி உட்காரவைத்து, ஃபிளாஸ்க் காபியோடு அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம், யாரும் போனை எடுக்கவில்லை.

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர்தானே இதுக்கு ஃபேமஸ்? இங்க போறது வேஸ்டா?

அங்கே சுகர் மேப்பிள் அதிகம், அந்த ஆரஞ்சுச் சிவப்பு இங்கே அந்த அளவுக்குக் கிடைக்காது, அது உண்மை. நியூ ஹாம்ப்ஷயரின் கான்காமேகஸ் சாலை 34 மைல்தான், அழகு கொட்டிக் கிடக்கும். ஆனால் வடக்கே சில வாரங்களில் காட்சி முடிந்துவிடும். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மர வகை, மேலே சொன்ன உயர வித்தியாசம் வேறு, அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைக்கும் எங்காவது ஓரிடத்தில் நிறம் இருந்துகொண்டே இருக்கும். ட்யூலிப் பாப்ளர் மஞ்சள், ஹிக்கரி பொன், சோர்வுட் கருஞ்சிவப்பு, கடைசியில் ஓக் துரு நிறம் என்று முறை வைத்து வரும். வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இது இருக்கும்போது விமானம் ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை.

புயல்ல ரோடெல்லாம் போயிடுச்சுன்னாங்களே, இப்போ திறந்திருக்கா?

2024 செப்டம்பர் 27-ல் ஹெலீன் புயல் இந்த மலைகளைப் புரட்டிப் போட்டது. பார்க்வேயில் பல இடங்களில் மண் சரிந்தது, சில இடங்களில் சாலையே காணாமல் போனது, ஆயிரக்கணக்கில் மரம் விழுந்தது. அதன்பிறகு துண்டு துண்டாகச் சரிசெய்து திறந்துகொண்டு வருகிறார்கள். நீங்கள் போகும் வாரத்தில் எது திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காத் துறையின் பார்க்வே இணையப் பக்கத்தில் மைல்கல் வாரியாகப் போட்டிருப்பார்கள், கிளம்புகிற அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள். புயல் இல்லாத காலத்திலும் ஐஸ் பிடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

நடுவில் ஒரு துண்டு மூடியிருந்தால் முழுப் பயணத்தையும் ரத்து செய்ய வேண்டாம். பக்கத்துச் சாலையில் இறங்கி அடுத்த நுழைவாயிலில் ஏறிக்கொள்ளலாம். கிராண்ட்ஃபாதர் மலைப் பக்கம் 221-ஆம் எண் நெடுஞ்சாலை பார்க்வேக்கு இணையாகவே போகிறது, அதுவும் பார்க்க அழகுதான். மலை ஊர்களில் தங்கிச் சாப்பிட்டு நாலு காசு செலவழித்துவிட்டு வாருங்கள், அவர்களுக்கு அக்டோபர்தான் பெரிய சீசன்.

கூகுள் மேப் போட்டா அது ஹைவேக்கே இழுத்துட்டுப் போகுது, என்ன பண்றது?

அது வேகமான வழியைத் தேடுகிறது, பார்க்வே வேகமான வழி இல்லை. உச்ச வேகமே 45 மைல்தான், பல இடத்தில் 35. போக வேண்டிய இடத்தை மட்டும் போடாமல் நடுவில் இரண்டு மூன்று ஓவர்லுக் பெயர்களைச் சேர்த்துப் போடுங்கள், அப்போது சாலையை விடாது. மலையில் செல்போன் சிக்னல் அடிக்கடி போய்விடும் என்பதால் மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்வேயில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது, ஏறுவதற்கு முன் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

மலைப் பாதைல ஓட்டிப் பழக்கமே இல்ல, பயமா இருக்கு. கொல்லிமலை மாதிரி இருக்குமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவோடு ஒப்பிட்டால் இது தாலாட்டு. வேடிக்கை பார்த்துக்கொண்டே போவதற்காகவே வளைவுகளை அகலமாக, ஏற்றத்தைச் சாய்வாக அமைத்த சாலை. எதிரே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வராது. ஆனாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல இடத்தில் ஓரத்தில் தடுப்புச் சுவர் இருக்காது. மொத்தம் 26 சுரங்கப்பாதை, ஒன்றைத் தவிர எல்லாம் வட கரோலினாவில், உள்ளே விளக்கில்லை, ஹெட்லைட் கட்டாயம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

உண்மையான ஆபத்து ஓட்டுகிறவர் இலையைப் பார்ப்பதுதான். அவருக்கும் பார்க்க ஆசை இருக்கும், பாவம். நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம், ஒவ்வொரு மூன்றாவது ஓவர்லுக்கிலும் கட்டாயம் நிறுத்தி, ஓட்டுகிறவர் இறங்கி ஐந்து நிமிஷம் ஆற அமரப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் ஓரம்கட்டி வழி விடுங்கள். பனிமூட்டம் அடர்ந்து முன்னால் வண்டி தெரியாவிட்டால் ஓவர்லுக்கில் ஒதுங்கிக் காத்திருங்கள்.

பிள்ளைங்க வாந்தி எடுக்குமா?

எடுக்கலாம். வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள், கையில் போன் கொடுக்காதீர்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். எலுமிச்சம்பழம் முகர்ந்தால் நிற்கும் என்று என் மாமியார் சொல்வார், எங்கள் வண்டியில் எப்போதும் ஒன்று இருக்கும்.

அப்பா அம்மா ஊர்லருந்து வந்திருக்காங்க, முட்டி வலி, நடக்க முடியாது. அவங்களுக்கு என்ன இருக்கும்?

இது அவர்களுக்கென்றே அமைந்த பயணம். ஓவர்லுக்கில் வண்டியை நிறுத்தினால் கதவைத் திறந்த இடத்திலேயே மலை தெரியும். ரஃப் ரிட்ஜ் மட்டும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது இரண்டுதான். ஒன்று குளிர்: கீழே டி-ஷர்ட் போடுகிற வெயில் அடித்தாலும் இரண்டாவது பதிலில் சொன்ன கணக்கில் ஆஷ்வில்லைவிட உச்சியில் 13, 14 டிகிரி பாரன்ஹீட் குறைவாக இருக்கும், காற்று வேறு. வேட்டி, புடவைக்கு உள்ளே தெர்மல், தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். இரண்டு, கழிப்பறை: ஓவர்லுக்குகளில் இருக்காது, பார்வையாளர் மையங்களிலும் சில பிக்னிக் இடங்களிலும்தான். அவை எந்த மைல்கல்லில் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா?

கண்டிப்பாக. புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல் என்று எடுத்துக்கொண்டு பிக்னிக் மேசையில் சாப்பிடலாம். இது கருங்கரடி வாழும் காடு, அக்டோபரில் குளிர்காலத்துக்காக மும்முரமாக இரை தேடும். மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள், தயிர் சாதப் பருக்கையைக்கூடப் புல்லில் கொட்டாதீர்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வந்துவிடுகிறது.

போன வருஷம் அக்டோபர் கடைசில உச்சி வரைக்கும் போனோம், ஒண்ணுமே இல்ல, மொட்டை மரமும் பச்சை மரமும்தான். எங்க தப்பு?

நாங்களும் முதல் வருஷம் இதையே செய்தோம், நாலு மணி நேரம் ஓட்டி ஏறி, குழந்தைகள் "இலை எங்கேம்மா?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. உயரம் அதிகம், வாரம் தாமதம், உதிர்ந்து முடிந்துவிட்டது. அன்று 2,000 அடி வட்டாரத்துக்கு இறங்கியிருந்தால் கண் கொள்ளாத காட்சி இருந்திருக்கும், அப்போது அது தெரியாது.

பச்சை மரத்துக்குக் காரணம் வேறு. 5,500 அடிக்கு மேலே ஸ்ப்ரூஸ், ஃபிரேசர் ஃபர் காடு, அவை என்றும் பச்சை. ரிச்லேண்ட் பால்சம் உச்சியில் எந்த வாரம் போனாலும் பக்கத்தில் சிவப்பைத் தேடாதீர்கள், அங்கிருந்து கீழே தெரியும் சரிவுகளைப் பாருங்கள். நடுவே வெள்ளை எலும்பு மாதிரி நிற்கும் பட்ட மரங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி தின்ற ஃபர்.

நேர்ல நல்லா இருந்துச்சு, போட்டோல சப்புன்னு இருக்கே?

நட்டநடுப் பகலில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்திருப்பீர்கள். இலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி நின்று எடுங்கள், இலை விளக்கு மாதிரி எரியும். மேகமூட்டமான நாள் வீண் இல்லை, காட்டுக்குள்ளே அன்றுதான் நிறம் ஆழமாக விழும். அக்டோபர் நடுவில் ஆஷ்வில்லில் சூரியன் உதிக்கவே ஏழரை மணி ஆகும், அதனால் விடியற்காலைப் படத்துக்கு நடுராத்திரியில் எழ வேண்டியதில்லை. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், தேசியப் பூங்கா நிலத்தில் தடை.

அதே ட்ரிப்புல ஸ்மோக்கியும் சேத்துக்கலாமா?

இரண்டு நாளில் வேண்டாம், மூன்று இருந்தால் சேர்க்கலாம். பார்க்வே முடியும் இடத்திலேயே 441-ஆம் எண் சாலை ஸ்மோக்கிக்குள் ஏறி 5,046 அடி நியூஃபவுண்ட் கேப்பைக் கடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் 2023-லிருந்து 15 நிமிஷத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் நிறுத்தச் சீட்டு வேண்டும், ஒரு நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. ஸ்மோக்கியின் சிகரம் ஒன்றைப் பழைய பதிவுகளில் கிளிங்மன்ஸ் டோம் என்று படித்திருந்தால், 2024-ல் அதன் பெயரைப் பழங்குடிகளான செரோகி மக்கள் வைத்த பழைய பெயரான குவோஹிக்கு மாற்றிவிட்டார்கள். செரோகி பக்கத்து ஓகோனலுஃப்டி புல்வெளியில் காலையிலும் சாயங்காலமும் எல்க் மான்கள் வரும். இணை சேரும் பருவம் என்பதால் ஆண் மான் சீறும், 150 அடி தள்ளியே நில்லுங்கள்.

நவம்பர் ஆயிடுச்சு, லீவு இப்பத்தான் கிடைச்சுது. இனிமே போய் என்ன இருக்கு?

மேலே போகாதீர்கள், அவ்வளவுதான். முதல் வாரமென்றால் மலையடிவாரம், 2,000 அடிக்குக் கீழே ஏரிக்கரைகள், ஆற்றோரங்கள். ஓக் மரங்கள் கடைசியில்தான் மாறும், வெயில் சாயும்போது அந்தத் துரு நிறம் பழைய வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். இரண்டாவது வாரமென்றால் உங்கள் தெருவிலேயே நடந்து பாருங்கள்.

அதையும் தாண்டிவிட்டதா? காட்டுக்குள்ளே இளம் பீச் மரத்தைத் தேடுங்கள். எல்லாம் உதிர்ந்த பிறகும் அது வெளிர்ந்த காகிதம் போன்ற இலைகளை உதறாமல் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கும், காற்றடித்தால் சலசல என்று சத்தம் கேட்கும். ஜனவரியில் போனாலும் இருக்கும், சாலை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.